இரண்டு இருபதுக்குத் திறக்கும் கடை

தங்கமாரி முதன்முதலில் படம் வரைந்த ஹெல்மெட் அவளுடையது அல்ல, கனகலட்சுமியுடையது. 2023 நவம்பரில் பென்னலூர் திருப்பத்தில் கனகலட்சுமியின் ஸ்கூட்டர் சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டின் இடது பக்கம் மட்டும் நாலு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அந்தக் கீறலைத் தண்டாக வைத்து, இருபுறமும் நகப்பூச்சால் இலையும் மொட்டும் போட்டு, அதை ஒரு மல்லிகைக் கொடியாக ஆக்கிக் கொடுத்தாள் தங்கமாரி. அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்து, ஒரகடம் சாலையில் செல்போன் சார்ஜர் செய்யும் தொழிற்சாலையில் ஒன்றே கால் வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னச் சர்க்யூட் போர்டுகளை லென்ஸ் வழியாகப் பார்த்துப் பற்றவைப்பு சரியா தவறா என்று சொல்வது அவள் வேலை. கனகலட்சுமி சாத்தான்குளத்துப் பெண். அதே தொழிற்சாலையில், அதே ஷிப்டில், பேக்கிங் பகுதி. இருவரும் தனியார் ஹாஸ்டல் ஒன்றில் ஒரே அறை.

அந்தக் கொடி அதோடு நின்றிருக்கும். நிற்காததற்குக் காரணம் தொழிற்சாலையின் ஹெல்மெட் அடுக்கு.

வண்டியில் வருகிறவர்கள் ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவைக்கக் கூடாது, திருட்டுப் போகிறது என்று செக்யூரிட்டி ஒரு விதி போட்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் இரும்பு அடுக்கு. ஒரு ஷிப்டுக்கு எழுநூறு ஹெல்மெட். அதில் அறுநூறுக்கு மேல் கறுப்பு. ஷிப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது, தினமும் பத்துப் பதினைந்து பேராவது அடுத்தவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்வார்கள். கனகலட்சுமியின் ஹெல்மெட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் ஊருக்கே தெரியும். ஒரு வாரத்தில் ஐந்து பேர் வந்து, எனக்கும் வரைந்து கொடு என்றார்கள்.

தங்கமாரி நகப்பூச்சை விட்டுவிட்டு முறைப்படி கற்றுக்கொண்டாள். ஹெல்மெட்டின் மேல்பூச்சை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்து, உலரவிட்டு, மேலே கண்ணாடிப்பூச்சு இரண்டு தடவை. ஹாஸ்டல் ஓனர் கன்னியப்பன் தண்ணி மோட்டார் அறையில் பாதியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். தூத்துக்குடிக்காரர்கள் உப்பளக் குவியல் கேட்டார்கள். ராமநாதபுரத்துப் பையன்கள் பனைமரமும் படகும் கேட்டார்கள். மண்ணூர்ப் பக்கத்து உள்ளூர் ஆட்களுக்குக் காளை. ஒருவர் தட்டு நிறைய புரோட்டா கேட்டு வாங்கிப் போனார். 2025 ஜூலை முடிய நூற்று முப்பத்தேழு ஹெல்மெட். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும், ஷிப்ட் முடிந்த மிச்ச நேரத்திலும் வரைந்தவை.

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. அங்கேதான் தகராறு. படம் ஒரு நாள் வரும், பெயர் மறுநாள் வரும், கலர் பிறகு குரல் செய்தியாக வரும். ஜூலை மாதம் மாரிசெல்வம் என்பவர் தன் அம்மாவின் முகத்தை வரையச் சொல்லியிருந்தார். ஆறுமுகநயினார் என்பவர் கேட்டது காளை. இரண்டும் மாறிப்போய், ஆறுமுகநயினார் மூன்று நாள் இன்னொருவருடைய அம்மாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போய் வந்தார். நாலாம் நாள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அந்த அம்மா நல்லவியதான்" என்றார். "ஆனா எங்கம்மா இல்லியே."

கனகலட்சுமி சிரித்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது. தங்கமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாகத் தவறு கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவள் அவள். அன்று மாலையே, ஆர்டர் எடுக்க ஒரு வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்தாள். மாதிரியைத் தேர்ந்தெடுத்து, பெயர், கலர், ஹெல்மெட் அளவு, ஷிப்ட், எந்த கேட் என்று எல்லாவற்றையும் வருகிறவரே நிரப்ப வேண்டும். நிரப்பாமல் பதிய முடியக் கூடாது.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றும் அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஒப்பந்த வேலை ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிப்பதற்கான படிவத்தை ஆகஸ்ட் 1ஆம் தேதி கையில் கொடுத்துவிட்டார்கள். 29ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டால் லென்ஸ். போடாவிட்டால் ஹெல்மெட். அக்டோபர் 1 ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறவர்கள் ஹெல்மெட்டையும் புதுசாக்க நினைப்பார்கள். ஒரு ஹெல்மெட்டுக்கு மூன்று மணி பத்து நிமிஷம். ஞாயிறு போகச் செப்டம்பரில் இருபத்தாறு நாள், தினம் ஏழரை மணி நேரம். அறுபது ஹெல்மெட் அடங்கும். பன்னிரண்டு மாதிரி, மாதிரிக்கு ஐந்து. 29ஆம் தேதிக்குள் அந்த அறுபது இடமும் நிரம்பினால் கையெழுத்துப் போடுவதில்லை. ஒன்று குறைந்தாலும் போட்டுவிடுவது.

"ஐம்பத்தொம்பது வந்தா?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

"போட்டுருவேன்."

"நானே ஒண்ணு பதிஞ்சு அறுவதாக்கிட்டேன்னா?"

"ஒன் பேரு இருந்தா ரிஜெக்ட்."

வீடியோ பார்த்துக் கற்று, பழைய லேப்டாப் ஒன்றில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெப்சைட்டைக் கட்டி முடித்தாள். 'தலைக்கோலம்' என்று பெயர். கட்டியதைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டும். அதுதான் ஹோஸ்டிங்.

"அது என்னதுட்டி?" என்றாள் கனகலட்சுமி.

"எங்கயோ ஒரு கம்ப்யூட்டரு ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கும். அதுல நமக்குக் கொஞ்சம் எடம் வாடகைக்கு எடுக்கணும்."

"நாம இருக்கதே வாடகை எடம். ஹெல்மெட்டுப் படத்துக்குத் தனி வீடா? தண்ணி வசதி எப்படி?"

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் தங்கமாரி அதைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வயதிலிருந்து ஆறு வாடகை இடம் பார்த்தவள் கனகலட்சுமி. வீடு பார்க்கப் போனால் என்னென்ன கேட்பாளோ அதையே கேட்க வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முதல் வருஷ வாடகை சரி, அடுத்த வருஷம் எவ்வளவு ஏற்றுவார்கள்? காலி பண்ணும்போது நம் சாமானை, அதாவது படங்களையும் ஆர்டர் விவரங்களையும், முழுசாக எடுத்துப் போக விடுவார்களா? வாசலில் எழுதும் பெயர் யார் பெயரில் பதிவாகும், நம் பெயரிலா அவர்கள் பெயரிலா? குழாய் உடைந்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருமா?

இந்தக் கேள்விகளோடு பதினோரு நிறுவனங்களைப் பார்த்து, மூன்றை மிச்சம் வைத்தாள். ஷிப்டுக்குப் பெயர் வைப்பதுபோல் அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தாள். ஏ, வெளிநாட்டுக்காரர்களுடையது. 'அளவில்லாத இடம்' என்று விளம்பரம். பி, சென்னையில் உள்ள சின்ன நிறுவனம். சி, இலவசம். மூன்றிலும் முப்பது நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

வெளியிலிருந்து வரும் சரக்கை லைனில் ஏற்றுவதற்கு முன்னால் மாதிரி எடுத்துச் சோதிப்பது தொழிற்சாலை வழக்கம். தங்கமாரி அதையே செய்தாள். மூன்று இடத்திலும் ஒரே வெப்சைட்டை ஏற்றினாள். எப்படிச் சோதிப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தொழிற்சாலைக்குள் செல்போன் அனுமதி கிடையாது. லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். பரிசோதனை வரிசை எல்லாம் தாண்டி லாக்கரைத் திறக்க இரண்டு இருபது ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாகப் போனைக் கையில் எடுப்பார்கள். லாக்கர் முன்னால் நின்று ஒரு தடவை அழுத்துவார்கள். திறக்காவிட்டால் பஸ் ஏறித் தூங்கிவிடுவார்கள். மறுபடி வர மாட்டார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. எல்லோருக்கும் விடுமுறை. காலை பத்தரைக்குக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், கொடியேற்றி லட்டு கொடுத்த கையோடு, ஹாஸ்டல் பெண்களைத் தங்கமாரி நிறுத்திவைத்தாள். அறுபது பேர் என்று எல்லோரும் சொன்னார்கள். எண்ணியபோது அறுபத்தொன்று.

"இன்னாம்மா இது, ரேஷன் கடையா?" என்று வந்தார் கன்னியப்பன். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் இந்த மூன்று மாடியைக் கட்டி முடித்தார். எதையும் கிட்டே நின்று பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "எல்லாம் செல்ல புட்சிகினு நிக்கிறீங்க?"

"ஓனரண்ணே, ஒரே நேரத்துல எல்லாரும் அமுக்கணும். நீங்க ஒன் டூ த்ரீ சொல்லுங்க."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயம்போல் சொன்னார்.

ஏ முதலில். பத்தொன்பது பேருக்குத் திறந்தது. இருபத்தேழு பேருக்கு வெறும் வெள்ளைப் பக்கம். பதினைந்து பேருக்குப் பாதி ஹெல்மெட்.

அடுத்து பி. முதல் ஐந்தாறு நொடி ஜம்மென்று திறந்துகொண்டே வந்தது. சட்டென்று அத்தனை போனிலும் ஒரே வாசகம்: உங்களுக்கு அனுமதி இல்லை. திறந்திருந்தவர்களுக்கும் அடுத்த பக்கம் போனால் அதேதான். அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்றும் அவுட்.

கடைசியில் சி. மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் திறந்தது. மேலே மட்டும் பெரிய விளம்பரம் ஒன்று: 'முடி கொட்டுகிறதா? ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், எங்கள் எண்ணெயைத் தடவுங்கள்.' அதற்குக் கீழே தங்கமாரியின் மயில் ஹெல்மெட்.

கூடமே சிரித்தது. "ஏட்டி, மூணும் ரிஜெக்ட்டு" என்றாள் கனகலட்சுமி. "எண்ணெயை மட்டும் நான் வாங்கிக்கிடுதேன்."

கன்னியப்பனுக்கு வேறு கவலை. "என் வைஃபை மேல பழி போடாத, சொல்ட்டேன். போன மாசம்தான் புச்சா பெரிய டப்பா மாட்டிக்கீறேன்."

தங்கமாரி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடை திறக்க வேண்டிய நாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி. தாளில் ஏ, பி, சி மூன்றையும் அடித்துவிட்டு, பி-யை மட்டும் இன்னொரு தடவை அடித்தாள். ஏ-வாவது பாதிப் பேருக்குத் திறந்தது. பி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டதே என்ற கோபம்.

18ஆம் தேதி திங்கட்கிழமை காலை, எட்டு நாற்பதுக்கு, அவள் மேசைக்கு வந்த போர்டுகள் வரிசையாகத் தவறு காட்டின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தும் ஒரே இடத்தில் ஒரே தவறு. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய், கோளாறு என்று காட்டும் சிவப்பு அட்டையை எடுத்து, போர்டின் மேல் அல்ல, போர்டைப் பொருத்திச் சோதிக்கும் ஜிக்கின் மேல் வைத்தது. தவறு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் அது சரக்கின் கோளாறு. எல்லாம் ஒன்றுபோல அவுட் ஆனால் சரக்கைத் திட்டாதே, சோதிக்கிற கருவியைப் பார். லைனில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் இது பாடம். மெக்கானிக் வந்து பார்த்தார். ஜிக்கில் ஒரு ஊசி வளைந்திருந்தது.

அட்டையை எடுத்த கையோடு தங்கமாரி அப்படியே நின்றாள். ஏ-யில் வந்த தவறு அங்கொன்றும் இங்கொன்றும். பி-யில் வந்தது அறுபத்தொன்றும் ஒரே நொடியில், ஒரே வாசகம்.

டீ நேரத்தில் கனகலட்சுமியைப் பிடித்தாள். "பி-யத் தப்பா ரிஜெக்ட் பண்ணிட்டேம்ட்டி. ஜிக்குதான் கோளாறு."

"எந்த ஜிக்கு?"

"ஓனரண்ணன் டப்பா."

"மெதுவாச் சொல்லு. அவருக்குக் கேட்டா வாடகைய ஏத்திருவாரு."

அன்று சாயங்காலம் நாலரைக்கு இருபது பெண்களை உட்காரவைத்து, வைஃபையை அணைத்துவிட்டு அவரவர் சிம்மில் பி-யைத் திறக்கச் சொன்னாள். இருபதும் திறந்தது. வைஃபையைப் போடச் சொன்னாள். பத்தே நொடியில் இருபதும் சாத்திக்கொண்டது.

உடனே பி-க்குப் போன் போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தது ஸ்ரீதர் என்ற பையன். குரலைக் கேட்டால் இருபத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது.

"மேடம், உங்க சைட்டு மேல பதினஞ்சாந் தேதி காலைல அட்டாக் நடந்திருக்கு. எங்க சிஸ்டம் புடிச்சு பிளாக் பண்ணிடுச்சு. கவலைப்படாதீங்க."

"அது அட்டாக் இல்ல சார். எங்க ஹாஸ்டல் புள்ளைங்க."

"எத்தன பேரு?"

"அறுபத்தொண்ணு."

"எல்லாரும் ஒரே வைஃபையா? அப்ப வெளிய இருந்து பார்த்தா உங்க ஹாஸ்டலே ஒரு ஆளு மேடம். உங்க பக்கத்துல மாதிரிக்கு ரெண்டுன்னு இருபத்திநாலு படம். ஒரு ஆளு வந்து ஒரே நேரத்துல ஆயிரத்தி நானூத்தி அறுவத்தி நாலு தடவ கதவத் தட்டுனா எந்த வாட்ச்மேன் தொறப்பான்?" என்றான். "வைஃபைய ஆஃப் பண்ணிட்டுப் பாக்கச் சொல்லுங்க, சரியாயிடும்."

"எங்க ஹாஸ்டல்ல சொல்லிருவேன் சார். பென்னலூர்ல, மண்ணூர்ல, மணிமங்கலத்துல இருக்கவங்களுக்கு யாரு போய்ச் சொல்லுவா? இந்தப் பக்கம் எல்லாருமே இப்படித்தான் ஹாஸ்டல்ல இருக்கோம். ஒரு கட்டடத்துக்கு ஒரு வைஃபைதான்."

"சரி, மாசத்துக்கு எத்தன பேர் வருவாங்க?"

"மாசத்தக் கேக்காதீங்க சார். ரெண்டு இருபதுக்கு எத்தன பேர்னு கேளுங்க."

ஸ்ரீதர் சிரித்துவிட்டான். அவள் விளக்கினாள். லாக்கர், ஷிப்ட், சைரன், பஸ், எல்லாம். அவன் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அன்றைக்குள் வழி சொல்கிறேன் என்று வைத்தவன், நாற்பது நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். ஒரே முகவரியிலிருந்து வருகிறவர்களுக்கான வரம்பை அவளுடைய சைட்டுக்கு மட்டும் உயர்த்தித் தருகிறார்களாம். ஒரு தடவை தயாரித்த பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்க ஏற்பாடு செய்கிறார்களாம். ஆனால் படங்களைச் சிறிதாக்கியே ஆக வேண்டும். ஒவ்வொன்றும் ஆறு எம்பி இருக்கிறது.

அதற்கு அவள் ஒப்பவில்லை. "கோடு மங்கிப் போயிரும் சார். என் வேலையே அந்தக் கோடுதான்."

"ஒண்ணு மட்டும் சின்னதாக்கி அனுப்புறேன், பாருங்க. புடிக்கலன்னா விட்டுடலாம்."

மயில் வந்தது. ஆறு எம்பி இருந்தது நூற்றைம்பது கேபி ஆகியிருந்தது. தங்கமாரி அறையில் வைத்திருந்த ஒரு லென்ஸை எடுத்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போர்டு பார்ப்பதுபோல் இடமிருந்து வலமாக மூலை மூலையாகப் பார்த்தாள். கழுத்தோரம் ஒரே ஒரு கோடு லேசாக மங்கல். மற்றதெல்லாம் இருந்தது. "பாஸ்" என்று அனுப்பினாள். மீதி இருபத்து மூன்றையும் அவளே உட்கார்ந்து சிறிதாக்கினாள்.

ஏ-யிடமும் ஒரு நியாயத்துக்காகக் கேட்டுப் பார்த்தாள். அங்கே போன் கிடையாது, எழுத்துப் பேச்சுதான். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதினோரு தடவை பதில் வந்தது. பன்னிரண்டாவது தடவை அவள் பொறுமையை வீணாக்கவில்லை.

21ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுசோதனை. கூடத்தில் ஐம்பத்தெட்டு பெண்கள், வைஃபை போட்டபடி. கன்னியப்பனும் அவர் மனைவி பாஞ்சாலியும் ஆளுக்கொரு போனோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

"நானும் ஒரு ஆளுதான, என்னையும் எண்ணு" என்றார் அவர்.

"நீ ஏன் அந்த டப்பாவையே பாத்துகினு கீற? செல்லப் பாரு" என்றாள் பாஞ்சாலி.

இந்தத் தடவை ஒன் டூ த்ரீ சொன்னது கனகலட்சுமி. அறுபது போனிலும் திறந்தது. மிக மெதுவாகத் திறந்தது கன்னியப்பனுடையது, நாலு நொடி. தன் டப்பாவின்மேல் இருந்த களங்கம் நீங்கியதாக அவர் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் சமோசா வாங்கி வரச் சொன்னார். டப்பா குற்றவாளியே இல்லை, குற்றவாளி எது என்று அவருக்கு விளக்கத் தங்கமாரி இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை சமோசாவைச் சாப்பிட்டாள். அன்றே பி-க்கு ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினாள். ரசீதில் சைட்டின் பெயருக்கு உரிமையாளர் யார் என்ற இடத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு.

கடை திறக்கும் நேரம் 25ஆம் தேதி, திங்கட்கிழமை, இரண்டு இருபது என்று எல்லா ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாகிவிட்டது. நேரத்தைச் சைட்டிலேயே பொருத்தியும் வைத்தாள். அதன்பிறகுதான் கனகலட்சுமி கேட்டாள்: "அன்னைக்கு நமக்கு ஏ ஷிப்டுல்லா? கடை தொறக்கும்போது நீ எங்க இருப்ப?"

தங்கமாரி அதை யோசிக்கவே இல்லை. கடைக்காரியும் வாடிக்கையாளர்களோடு வரிசையில்தான் நிற்பாள்.

அன்றைக்கு இரண்டு மணிக்குச் சைரன் ஊதியபோது அவள் லென்ஸை மூடி, மேசையைத் துடைத்து, அடுத்த ஷிப்டுக்காரியிடம் ஒப்படைத்து, பரிசோதனை வரிசையில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பேர். வரிசை நகர்ந்து நகர்ந்து அவள் முறை வந்தது. 212ஆம் எண் லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். காலை ஐந்தரைக்கு அணைத்து வைத்தது. பட்டனை அழுத்திப் பிடித்தாள். கம்பெனிப் பெயர் வந்தது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சுற்றிலும் எல்லோரும் போனைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. வெள்ளைப் பக்கத்தைப் பார்க்கிறார்களா, ஹெல்மெட்டைப் பார்க்கிறார்களா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு வரிசை தள்ளி ஓர் ஆண் குரல்: "லேய், மயில் முடிஞ்சிட்டாம்ல."

"எப்படிலே அதுக்குள்ள?"

"அஞ்சுதானாம். இந்தா, புரோட்டாவும் ரெண்டுதான் இருக்கு. சீக்கிரம் அமுக்கு."

தங்கமாரி போன் திரையைப் பார்த்தாள். இன்னும் வட்டம்தான். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து லாக்கர்க்காரி என்ன என்று கேட்டதற்கு, "என் போனு மட்டும்தான் இன்னும் முழிக்கல" என்றாள்.

இரண்டு முப்பத்தொன்றுக்கு அவள் சைட்டுக்குள் நுழைந்தபோது இருபத்தேழு இடம் நிரம்பியிருந்தது. ஹாஸ்டல் போய்ச் சேர்ந்த மூன்று ஐந்துக்கு நாற்பத்து நாலு. அன்று மாலை ஆறு மணிக்கு ஐம்பத்தொன்று. அதோடு ஓட்டம் நின்றது. ஒன்பதரைக்குப் படுக்கப் போகும்போதும் ஐம்பத்தொன்றுதான். இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று கனகலட்சுமி சொன்னாள். சொல்லிவிட்டு, தானே ஒன்று பதிந்துவிடக் கூடாதென்று, தன் போனை எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்குப் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனாள் தங்கமாரி. முந்தின இரவு பத்து மணிக்கு வெளியே வந்த பி ஷிப்ட்காரர்கள் ஒருவரும் பதியாமல் பஸ் ஏறித் தூங்கியிருந்தார்கள். அன்று காலை ஆறு மணிக்கு சி ஷிப்ட் முடிந்தது. விடிய விடிய வேலை பார்த்துக் களைத்த கூட்டம் ஆறு இருபதுக்கு லாக்கரைத் திறந்தது. ஐம்பத்திரண்டாவது பதிவு ஆறு இருபத்தொன்றுக்கு. அறுபதாவது ஆறு இருபத்தாறுக்கு: உப்பளக் குவியல், நீல வானம், பெயர் இசக்கிபாண்டி, மூன்றாவது கேட். அப்போது அந்த அறுபது இடத்துக்கும் சொந்தக்காரியான தங்கமாரி இருபது மீட்டர் தள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் போர்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் ஏழு மணி ஐம்பத்து நாலு நிமிஷம், தன் காரியம் முடிந்துபோனது தெரியாமல், ஒன்பதுதான் பாக்கி, ஒன்பதுதான் பாக்கி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அன்றைக்கு ஆயிரத்து நூற்று எண்பது போர்டு பார்த்தாள். ஒன்றில்கூடத் தப்பு விடவில்லை.

இரண்டு இருபதுக்குப் பார்த்தபோது பக்கத்தின் உச்சியில் 'செப்டம்பர் நிரம்பியது' என்று இருந்தது. அந்த வரியை எழுதியது அவள்தான். இருந்தாலும் மூன்று தடவை படித்தாள்.

புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் ராஜசேகரிடம் படிவத்தைக் கொடுத்தாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல சார். போடல."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை படிவத்தைப் பார்த்தார். "ஹெல்மெட்டா?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுட்டியா?"

"அறுபது வந்துட்டு சார்."

அவர் தலையை ஆட்டி, படிவத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு காளை போட்டுத் தரியா? பூஜைக்குள்ள வேணும். சம்சாரம் கேட்டுகினே கீது" என்றார்.

"செப்டம்பர் நிரம்பிட்டு சார். அக்டோபருக்குப் பதியலாம். நாளைக்கு ரெண்டு இருபதுக்குத் தொறக்கும்."

"நான் சூப்பர்வைசர்மா."

"தெரியும் சார். சைட்டுல பதியும்போது ஷிப்டு கேக்கும். அதுக்குப் பக்கத்துல எழுதிருங்க."

மறுநாள், 29ஆம் தேதி, அவளுக்குக் கடைசி வேலை நாள். அக்டோபரின் முதல் பதிவு இரண்டு இருபதைத் தாண்டிப் பதினான்காவது நொடியில் வந்தது. காளை, கறுப்புத் தளம், மணிமங்கலம் ராஜசேகர். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாக்கர் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, தங்கமாரி வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள். கனகலட்சுமி ஸ்கூட்டரை எடுத்துத் தயாராக நின்றாள். முகம் மட்டும் தயாராக இல்லை.

"திங்கக்கிழமையிலருந்து என் வண்டியில பின்னாடி யாரு உக்காருவா? நான் யாரத் திட்டிக்கிட்டு ஓட்டுவேன்?"

"காலையில யாரையாவது புடிச்சுக்கோ" என்றாள் தங்கமாரி, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டே. "மத்தியானம் ரெண்டு இருபதுக்கு நான் கேட்டுல நிப்பேன்ல, ஹெல்மெட்டு குடுக்க. திரும்பும்போது கூட்டிட்டுப் போ."

"ஹெல்மெட்டு மூட்டையோட வராத. வண்டி தாங்காது."

"எல்லாத்தையும் குடுத்துட்டுத் திரும்பும்போது மூட்ட காலியாத்தான இருக்கும்."

கனகலட்சுமி வண்டியைக் கிளப்பினாள்.